தலைதிருப்பல் கணக்கு

பந்தைப் பார்க்காமலிருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
பந்து காலுக்கு வருமுன் பத்து நொடியில்
ஒரு பையன் எத்தனை முறை
தோளுக்குப் பின்னால் பார்க்கிறான் என்று எண்ணவேண்டும்.
பாதி வேகத்தில் வீடியோ.
திரும்பினால் ஒரு கிளிக்.
திரும்பாதவனுக்கும் ஒரு கட்டம் உண்டு.

பி.காம் முடித்தவளுக்கு
நாவலூரில், கால்பந்து கிளப்பின் அகாடமியில்,
தகரக்கூரை அறையில்
இப்படியொரு கணக்குப்பிள்ளை உத்தியோகம்.

பதிமூன்று வயதுக்குட்பட்டோர் இருபத்திரண்டு பேர்.
மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து
பிறந்த தேதியை எலும்பிடம் கேட்டுத்தான்
உள்ளே விடுகிறார்கள்.
காலையில் எடை, இரண்டு முட்டை.
முழங்கால் வலிக்குது என்றால்
'வளர்றான், விடு' என்பார் பிசியோ.
ஆறு வாரத்துக்கொருமுறை
ஒவ்வொருவனும் என் திரையில் ஒரு வரிசை.

தீனதயாளன். நடுக்களம், இடப்பக்கம்.
ஜூலையில் பத்து நொடிக்கு ஏழு.
ஜோதிஷ் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.
"ஒண்ணுகூடி போடு. ஒண்ணுகூடி."
எங்கள் பெரிய அணியிலேயே
நாலைத் தாண்டியவர் கிடையாது.

கூப்பிட்டுக் கேட்டார், யார் சொல்லிக்கொடுத்தது?
ஷூவிலிருந்து கறுப்பு ரப்பர் மணிகளைத்
தட்டிக்கொண்டே சொன்னான்:
"யாரும் இல்ல சார். லாரி வரும்."

எர்ணாவூர்.
துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர்கள்
வரிசைகட்டி நிற்கும் சாலையோரம் அவர்கள் மைதானம்.
ஒரு கோல்கம்பம் டிரான்ஸ்பார்மர்,
இன்னொன்று யாருடைய செருப்போ.
ரிவர்ஸில் வரும் லாரிக்கு
ஆஃப்சைடும் கிடையாது விசிலும் கிடையாது.
"பந்து போனா வேற பந்து வாங்கிக்கலாம் சார்"
என்று நிறுத்திக்கொண்டான்.
மிச்சத்தை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஆறு.
செப்டம்பரில் நாலரை.
அக்டோபர் பாதி மழையில் போச்சு.
நவம்பரில் மூன்று.
மற்றதெல்லாம் ஏறியிருந்தது:
உயரம், எடை, இடதுகால் பாஸ், ஆங்கிலம்.
ஒன்பதரைக்கே அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறான் என்று
ஹாஸ்டல் வார்டனுக்குச் சந்தோஷம்.

செயற்கைப் புல். நாலு பக்கமும் வலை.
பின்னாலிருந்து ஒன்றும் வராது என்பது
பிடரிக்குத் தெரிந்துவிட்டது.

இதற்கும் பயிற்சி இருக்கிறது.
சிவப்பு, மஞ்சள் கொடியோடு இருவர் பின்னால் நிற்பார்கள்,
பந்து வருமுன் நிறம் சொல்லவேண்டும்.
தீனா சரியாகச் சொன்னான்.
கொடி இருந்தபோது மட்டும் திரும்பினான்.

தண்ணி கேன் வண்டியை
நடுவில் ஓட்டிப் பார்த்தால் என்ன சார் என்றேன்.
சிரித்தார்கள். நானும்தான்.

அன்று வேலை முடிய எட்டரை.
மெட்ரோவுக்குத் தோண்டிய சாலையில்
தடுப்புத் தகரத்தை ஒட்டி நடந்தேன், விளக்கில்லை.
கட்டைவிரல் தானாக அசைந்துகொண்டிருந்தது.
ஒன்று. இரண்டு.
ஒரு பைக் வேகம் குறைந்தது,
மூன்று நான்கு ஐந்து.
பஸ் நிறுத்தம் வரைக்கும் பத்தொன்பது.
பந்தே இல்லாமல்!
இந்தக் கணக்குக்கு என்னை
முதல் அணியிலேயே இறக்கியிருக்கலாம்.

பொங்கலுக்கு நாலு நாள் விட்டார்கள்.
முழங்கையில் சிராய்ப்போடு வந்தான் தீனா.
"லாரி இன்னும் வருதாடா?"
"இப்ப ஜாஸ்திக்கா."
அடுத்த ஆட்டத்தில் ஆறு புள்ளி எட்டு.

கொடிப் பயிற்சி பலன் தருகிறது
என்று அறிக்கையில் எழுதச் சொன்னார் ஜோதிஷ் சார்.
எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில், சின்ன எழுத்தில்,
'வீட்டுக்குப் போய்வந்தான்.'

கடைசி கிளிப்பில் பந்து வெளியே போயிருந்தது,
ஆட்டம் நின்றிருந்தது.
எல்லாரும் தண்ணீர் குடிக்கிறார்கள்.
பாட்டிலை வாயில் வைத்தபடி
அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அதை நான் எண்ணவில்லை.